சுண்ணாம்பு மலையில் ஒரு வாய்க்கால்

அந்த வெள்ளிக்கிழமை எங்களைக் குவாரி கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொன்னது நீங்கள்தான். கம்பெனி இல்லை. இன்சூரன்ஸ் இல்லை. வாட்ச்மேனும் இல்லை. நீங்கள்.

உங்கள் பெயரை எழுதப் போவதில்லை. ஷார்ஜா தமிழ்ச் சங்கத்தில் இருப்பவர்களுக்கு யாரென்று தெரியும். உங்களுக்கும் தெரியும். மற்றவர்களுக்குப் புரிய வேண்டுமே, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். சொல்லச் சொல்லக் கோபம் குறையும் என்கிறாள் என் மனைவி. பார்க்கலாம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த சில வருடங்கள் துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில் ஒரு கல் குவாரியில் வேலை பார்த்தேன். மலையை வெடி வைத்து உடைத்து, கிரஷரில் அரைத்து, ஜல்லியாக்கி அனுப்புவார்கள். நான் கிரஷரில் ஃபிட்டர். கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஒட்டுவது, ரோலர் சிக்கினால் மாற்றுவது, அதுதான் டூட்டி. என் ரூம்மேட் டயர் ஷெட்டில். டம்பர் லாரிகளுக்கு டயர் கழற்றி மாட்டுவான். அவன் புதுக்கோட்டைப் பக்கம், நான் தூத்துக்குடிப் பக்கம். ஏறக்குறைய ஒரே வயது. அவன் என்னை மாப்ள என்பான், நானும் அவனை அப்படித்தான் கூப்பிடுவேன். இருவருக்கும் ஊரில் மனைவி, பிள்ளைகள். அவனுக்கு நான்கு. இந்த விவரம் பின்னால் வேண்டியிருக்கும்.

வாரத்தில் வெள்ளிக்கிழமை ஒன்றுதான் லீவு. லேபர் கேம்பில் அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். துணி துவைக்க வரிசை, ஊருக்குப் போன் போட வரிசை, அதன் பிறகு தூக்கம். தூங்கி எழுந்தால் தலைவலி. எனக்கு அது பிடிக்கவில்லை. ஷார்ஜாவில் ரோலா கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது ஒரு பழைய சாமான் கடையில் இரண்டு சைக்கிள் நின்றன. கறுப்பு நிறம், பின்னால் கேரியர், ஒரு பக்க பிரேக் மட்டும் பிடிக்கும். இரண்டையும் வாங்கி கம்பெனி பஸ் மேலே கட்டிக் கொண்டுவந்தோம். டிரைவர் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான்.

முதல் வெள்ளிக்கிழமை மெயின் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். புஜைரா பக்கம் போகிற ரோடு. டிரெய்லர் ஒன்று ஹார்ன் அடித்த அடியில் நான் மணலுக்குள் போய் விழுந்தேன். அந்த ரோட்டில் சைக்கிள்காரன் மனுஷன் கணக்கில் வரமாட்டான். திரும்பி வரும்போது மாப்ளதான் கேட்டான், நம்ம குவாரி ரோடு இன்னைக்கு சும்மாத்தானே கெடக்கு என்று.

சும்மாதான் கிடந்தது. மற்ற நாளில் அந்த ரோட்டில் நடக்கக்கூட முடியாது. டம்பர்கள் வரிசையாக இறங்கும், தூசியில் எதிரே வருவது தெரியாது. வெள்ளிக்கிழமை கிரஷர் நின்றுவிடும். ஒரு வண்டி கிடையாது. கேட்டில் இருந்த வாட்ச்மேன் பெஷாவர் பக்கத்து ஆள், பெரிய மீசை. எங்கே போகிறீர்கள் என்றான். மலை பார்க்க என்றோம். மலையில் பார்க்க என்ன இருக்கிறது என்று சிரித்துவிட்டு, ஜும்மா தொழுகைக்குப் போகும்போது கேட்டைப் பூட்டிவிடுவேன், அதற்குள் வந்துவிடுங்கள் என்றான். அதுதான் எங்களுக்கு இருந்த ஒரே கட்டுப்பாடு. வெளிச்சம் வந்ததும் போகலாம், ஜும்மாவுக்கு முன் திரும்ப வேண்டும்.

கேட்டைத் தாண்டினால் ரோடு ஏறும். கைவிட்ட பழைய குவாரிப் பள்ளம் ஒன்று வரும். அதைச் சுற்றிப் போனால் மறுபக்கம் ஒரு பள்ளத்தாக்கு. தண்ணீர் இல்லாத ஆற்றுப் படுகை, வாடி என்பார்கள். அதன் ஓரமாகவே பழைய மண்பாதை உள்ளே போகிறது. இரண்டு பக்கமும் மலை. பச்சை என்று தேட வேண்டாம். வெள்ளையும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல், அடித்துப் பல வருடமான சுண்ணாம்புச் சுவர் நிறம். கோணிச் சாக்கை அடுக்கினதுபோல அடுக்கு அடுக்காக நிற்கும். சில இடத்தில் அந்த அடுக்கு மொத்தமாகச் சாய்ந்திருக்கும், யாரோ கடப்பாரை போட்டு நெம்பின மாதிரி. சத்தமே இல்லை. செயின் ஓடுகிற சத்தம், டயருக்கு அடியில் கல் நொறுங்குகிற சத்தம், அவ்வளவுதான். நாள் முழுக்க கிரஷர் இரைச்சலில் கிடக்கிறவனுக்கு முதலில் அந்த அமைதி பயமாகக்கூட இருந்தது.

அந்தக் கல் உடைந்தால் பிளேடு. போதாததற்கு கருவேல முள். முதல் இரண்டு வாரம் ஓட்டினதைவிட பஞ்சர் ஒட்டினது அதிகம். பிறகு மாப்ள ஷெட்டில் கிடந்த லாரி டியூபை நீளப் பட்டியாக வெட்டி, சைக்கிள் டயருக்கும் டியூபுக்கும் நடுவில் கொடுத்தான். மிதிக்கக் கொஞ்சம் கனம். ஆனால் பஞ்சர் அநேகமாக நின்றுவிட்டது. தண்ணீர் பாட்டிலுக்கு ஈர பனியன் சுற்றி கேரியரில் கட்டிக்கொள்வோம். எலுமிச்சை சாதம், ஊறுகாய், பேரீச்சம்பழம். அதுதான் எங்கள் சாமான்.

அங்கே என்னென்ன இருந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களாகத் தடுக்கி விழுந்து பார்த்ததுதான். முதலில் கிளிஞ்சல். மலைச் சரிவில் மாப்ள ஒரு கல்லைக் காட்டினான். அதில் சிப்பி வடிவம். பக்கத்தில் இன்னொன்று. பார்க்கப் பார்க்கப் பாறை முழுக்க அதுதான்.

"இங்க இருந்தவனுங்க நல்லா சாப்ட்ருக்கானுங்க மாப்ள," என்றான்.

நான் திருப்புளியால் நெம்பிப் பார்த்தேன். வரவில்லை. கல்லுக்கு உள்ளே இருந்தது. தின்று போட்டது கல்லுக்குள்ளே எப்படிப் போகும் என்று கேட்டேன். அவன் யோசித்தான்.

"அப்ப கல்லயும் சேத்து சாப்ட்ருப்பானுங்க."

கடல் அங்கே இருந்திருக்க வேண்டும் என்றேன். நான் கடற்கரையில் பிறந்தவன், என் பேச்சை அவன் நம்பவில்லை. உனக்கு எதைப் பார்த்தாலும் கடல்தான் என்றான். மலை மேலே கடல் இருந்தால் கீழே இருந்த ஊர் என்னாவது என்று கேட்டான். அந்த வாரம் முழுக்க கிரஷரில் விழுகிற ஒவ்வொரு கல்லையும் பார்த்தேன். ஒன்றிரண்டில் இருந்தது. அதற்கு முன்னாலும் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை.

அடுத்தது கோபுரம். பாதை திரும்புகிற இடத்தில் ஒரு மேட்டின்மேல் வட்டமான காவல் கோபுரம், பாதி இடிந்தது. கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டியது. கிட்டே போய்ச் சுற்றி வந்தால் வாசல் இல்லை. அண்ணாந்து பார்த்தால் எங்கள் தலைக்கு மேலே இருக்கிறது வாசல். படி கிடையாது, படி இருந்த அடையாளமும் கிடையாது. மாப்ள என் தோளில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை, புறா எச்சம் என்றான். கயிறு போட்டுத்தான் ஏறியிருக்க வேண்டும். எல்லோரும் ஏறினதும் கயிற்றை இழுத்துக்கொண்டால் எதிரி கீழே நிற்க வேண்டியதுதான். சுவரில் சின்னச் சின்ன ஓட்டைகள், எல்லாம் கீழ்நோக்கிச் சரிந்தவை. துப்பாக்கி நீட்ட. இவ்வளவு பயந்து இவர்கள் எதைக் காத்தார்கள் என்பதுதான் எங்களுக்குப் புரியவில்லை. சுற்றிப் பார்த்தால் ஆடு மேய்க்கக்கூடப் புல் இல்லை. ஓர் இலந்தை மரம் நின்றது, அதன் அடியில் யாருடையது என்று தெரியாத கழுதை ஒன்று.

அதற்கும் உள்ளே போனால் இடிந்த ஊர். பெரிய பெரிய கல்லை அடுக்கிக் கட்டிய சிறிய வீடுகள். வாசல் முழங்கால் உயரத்துக்கு மேல் இல்லை. தவழ்ந்து உள்ளே போனால் தரை வெளியே இருப்பதைவிடப் பள்ளத்தில் இருக்கிறது. ஒரு வீட்டில் கூரை போய்விட்டது. உள்ளே மண் ஜாடி ஒன்று, மேல்பாதி உடைந்து நிற்கிறது. நான் கையை விரித்து அளந்தேன். வாசலையும் அளந்தேன். ஜாடி வாசலைவிடப் பெரியது.

இது எங்களை விடவே இல்லை. ஜாடி எப்படி உள்ளே போனது? கூரை வழியாக இறக்கினார்கள் என்றான் மாப்ள. கூரைக்குப் போட்ட கல்லெல்லாம் கிரேன் வைத்துத் தூக்குகிற அளவு. ஒவ்வொரு முறையும் பிரிப்பார்களா? பதில் எங்கள் ரூமிலேயே கிடைத்தது. கேம்ப் பாஸ் எங்களை வேறு ரூமுக்கு மாறச் சொன்னார். எங்கள் இரட்டைக் கட்டில் நான் வெல்டிங் செய்தது, ரூமுக்குள்ளேயே வைத்துச் செய்தது. வாசலில் அது வெளியே வரவில்லை. நிமிர்த்திப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம், மொத்த கேம்பும் கூடி நின்று யோசனை சொன்னது. மாப்ள கட்டில் காலைப் பிடித்தபடியே சிரிக்க ஆரம்பித்தான்.

"மாப்ள, ஜாடிய மொதல்ல வச்சுட்டுத்தான் வீட்டக் கட்டிருக்கான். ஒன்னய மாரி ஒருத்தன்."

கட்டிலை அறுத்துத்தான் வெளியே எடுத்தேன். ஆனால் அவன் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும். ஜாடியில் தானியம் வைத்துவிட்டுக் கோடையில் வேறெங்கோ போகிறவர்கள் என்றால் திருடன் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வீட்டை இடித்தால்தான் முடியும்.

வாய்க்காலைக் குளிர் முடியப் போகிற சமயத்தில் பார்த்தோம். இடிந்த ஊருக்கு மேலே மலையின் வயிற்றை ஒட்டி ஒரு கோடு. பாதை என்று நினைத்து ஏறினால், கல்லில் வெட்டி உள்ளே சுண்ணாம்பு பூசிய வாய்க்கால். ஒரு முழ அகலம். காய்ந்துபோய் மண் நிறைந்திருந்தது. ஊருக்கும் அதன் கீழே இருந்த கல் கட்டிய வயல் தட்டுகளுக்கும் தண்ணீர் வந்தது அதில்தான். எங்கிருந்து வந்தது? அதுதான் கேள்வி. வாய்க்கால் மேலே போகிற திசையில் மலை முகட்டில் ஒரு கோட்டை தெரிந்தது. கோபுரம் மாதிரிச் சின்னது இல்லை. நீளமான மதில், மூலையில் இரண்டு உருண்டைக் கொத்தளம், நடுவில் எல்லாம் சரிந்தது. வாய்க்கால் அதை நோக்கித்தான் போனது.

மலை உச்சியிலிருந்து தண்ணீர் எப்படி வரும்? கோட்டைக்குள் மழைத் தண்ணீர் பிடிக்கிற தொட்டி இருக்கும் என்றேன் நான். இவ்வளவு நீள வாய்க்காலுக்குத் தொட்டித் தண்ணீர் ஒரு நாள் காணாது, உள்ளே கிணறு இருக்கு என்றான் அவன். மலை மேலே கிணறா என்று நான் சிரித்தேன். மலை மேல கடல் இருந்துச்சுன்னு சொன்னவன்தானே நீ என்றான். பிரியாணி பந்தயம்.

வாடியில் சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்கால் ஓரமாகவே நடப்போம். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் மேலே. சில இடத்தில் சரிந்து மறைந்திருக்கும், தேடிப் பிடிக்க வேண்டும். நேரம் போதாது. ஜும்மாவுக்கு முன் கேட்டில் இருக்க வேண்டும் என்பதால் பாதியில் திரும்பிவிடுவோம். பிறகு கோடை வந்தது, பாறையில் கை வைக்க முடியாது. விட்டுவிட்டோம். மறுபடி குளிர் வந்தபோதுதான் ஏறினோம். செங்குத்தான ஒரு பாறையை வாய்க்கால் சுற்றித் திரும்புகிற இடம் வரைக்கும் போனோம். அந்தத் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் என்ன என்று தெரியவில்லை. இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை போதும்.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் வந்தீர்கள், சார்.

நீங்கள் எங்கள் ஜல்லியை வாங்குகிற கம்பெனியில் பெரிய வேலை. சரக்கு பார்க்க வந்தவர் டயர் ஷெட் வாசலில் நின்ற எங்கள் சைக்கிளைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தீர்கள். தமிழ் கேட்டதும் மாப்ளைக்கு வாய் நிற்கவில்லை, கிளிஞ்சல், கோபுரம், ஜாடி, வாய்க்கால் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அடுத்த வெள்ளிக்கிழமையே கியர் சைக்கிளோடு வந்துவிட்டீர்கள். உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்கு உங்களை எங்களுக்கு மிகவும் பிடித்தது. எங்களோடு பாறையில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டீர்கள். கிளிஞ்சல் கல்லைப் பார்த்ததும் முழங்காலில் உட்கார்ந்துவிட்டீர்கள். இந்த மலையே ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது, சுண்ணாம்புக் கல் என்பதே சிப்பியும் பவளமும் இறுகினதுதான், பூமி நெருக்கி மேலே தள்ளிவிட்டது என்று குச்சியால் மண்ணில் படம் போட்டுக் காட்டினீர்கள். நான் மாப்ளையைப் பார்த்த பார்வையை அவன் ஊருக்குப் போகிற வரைக்கும் மறக்கவில்லை. வாய்க்காலுக்கு அரபியில் ஃபலஜ் என்று பெயர் என்றும் சொன்னீர்கள். அது கோட்டையில் தொடங்குமா என்று கேட்டோம். பார்த்தால்தான் தெரியும் என்றீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற படித்த ஆள் என்று அன்றிரவு மாப்ள உங்களைப் பற்றிச் சொன்னான்.

பிறகு சொன்னீர்கள், சங்கத்துக் குடும்பங்களை இங்கே சைக்கிளில் கூட்டி வர வேண்டும், பிள்ளைகள் ஃபிளாட்டுக்குள்ளேயே வளர்கிறார்கள், வண்டி வராத இப்படி ஒரு ரோடு வேறெங்கே கிடைக்கும் என்று. கம்பெனியில் பேசி அனுமதி வாங்குவது உங்கள் பொறுப்பு. எல்லோருமாகக் கோட்டை வரை போகலாம் என்றீர்கள். எல்லோருமாக. இந்த வார்த்தையை நான் இட்டுக்கட்டவில்லை.

மாப்ளைக்கு அப்போது விசா முடிகிற நேரம். கம்பெனி புதுப்பிக்கவில்லை, கேன்சல் அடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். அவனுக்கு இன்னும் இரண்டு வெள்ளிக்கிழமைதான் இருந்தது. உங்களிடம் சொன்னான். நீங்கள் குறித்த நாள் அவனுடைய கடைசி வெள்ளிக்கிழமை. அவனுக்கு அதில் சந்தோஷம்தான், ஊருக்குப் போகிறதுக்கு முந்தின நாள் சாரோடு சேர்ந்து மேலே ஏறிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என்ன செய்தோம் தெரியுமா? அன்றைக்கு நாங்கள் அந்தத் திருப்பத்தைத் தாண்டிப் போயிருக்கலாம். நான் அதைத்தான் சொன்னேன். அவன் கேட்கவில்லை. "சின்னப் புள்ளைக வருதுக மாப்ள. அதுக சைக்கிள்ல பட்டியா போட்ருக்கு?" என்று ஷெட்டிலிருந்து விளக்குமாறும் மண்வெட்டியும் எடுத்து வந்தான். பாதை நெடுக முள் பொறுக்கினோம். கூர்க்கல்லை ஓரம் தள்ளினோம். நான் திட்டிக்கொண்டே பெருக்கினேன். கோட்டை எங்கேயும் ஓடிவிடாது என்றான்.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் கேட்டுக்குப் போனோம். உள்ளே கார்கள் நின்றன. கூரையிலிருந்து சைக்கிள்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள், பிள்ளைகள், கலர் கலராக ஹெல்மெட். வாட்ச்மேன் கேட்டின் தடுப்புக் கம்பை இறக்கிவிட்டான். அத்தனை நாள் எங்களோடு டீ குடித்தவன், எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ஆஜ் ஃபேமிலி ஒன்லி, பாய். பேச்சிலர் மாஃபி."

இன்றைக்குக் குடும்பங்களுக்கு மட்டும், பேச்சிலர் கிடையாது என்கிறான். வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பார்க்கில் போட்டிருப்பார்கள், ரெஸ்டாரண்டின் பாதிப் பகுதியில் போட்டிருப்பார்கள். மனைவியைக் கூட்டி வரும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவனெல்லாம் அங்கே பேச்சிலர். எங்களுக்கும் பழகிப்போன விஷயம்தான், பார்க் வாசலில் திருப்பி அனுப்பினால் கோபப்படாமல் திரும்பிவிடுவோம். ஆனால் இது நாங்கள் பெருக்கின ரோடு.

நீங்கள் இருபது அடி தள்ளி நின்று ஹெல்மெட் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தீர்கள். மாப்ளதான் கூப்பிட்டான்.

"சார். எனக்கு நாலு புள்ளைங்க சார். நான் என்னைக்கு பேச்சிலர் ஆனேன்?"

உங்கள் பக்கத்தில் இருந்த ஒருவர் சிரித்தார். நீங்கள் கம்பு வரைக்கும் வந்தீர்கள். "என் கையில இல்லப்பா. கம்பெனி ரூல். லேடீஸ் இருக்காங்க பாரு, ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் அது இதுன்னு பிரச்சனை. புரிஞ்சுக்கங்க," என்றீர்கள்.

நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்குச் சண்டை தெரியும், அவனுக்கு மறுநாள் ஃபிளைட். ஏர்போர்ட் போகிற நேரத்தில் கம்பெனி ஏதாவது பிடித்துக்கொண்டால் அவன் கதி என்ன?

"சரி சார்," என்றான். "மேல போனா அந்த வாய்க்கா எங்கேருந்து வருதுன்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க சார். போன்ல சொன்னாக்கூடப் போதும்."

"கண்டிப்பா," என்றீர்கள்.

அவன் நம்பரை மறுபடி ஒருமுறை உங்களிடம் சொன்னான். நீங்கள் மொபைலில் குறித்துக்கொண்டீர்கள். அன்று முழுக்க அவன் மொபைலைக் கையிலேயே வைத்திருந்தான். மறுநாள் ஏர்போர்ட்டுக்குப் போகிற வண்டியிலும் அப்படித்தான். உள்ளே போகும்முன், ஊர் நம்பரை சாருக்குக் கொடுத்துடு மாப்ள என்றான். நான் மெசேஜ் அனுப்பினேன். பதில் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் தனியாகப் போகலாம் என்று கேட்டுக்கு வந்தேன். சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. இனிமேல் யாருக்கும் அனுமதி இல்லை என்று மேலிடத்து உத்தரவு. கார், பிள்ளைகள் என்று கூட்டம் வந்ததைப் பார்த்து மேலே பயந்துவிட்டார்கள். வாட்ச்மேன் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தான். அவனுக்கு மனசு கேட்கவில்லை போல, அவனாகவே சொன்னான். ரூல் ஒன்றும் கம்பெனி போடவில்லை. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் உன்னுடைய அந்த சார் சாகிப்தான் வந்தார், நாளைக்கு லேடீஸ் வருகிறார்கள், லேபர் ஆட்கள் யாரையும் விடாதே என்றார். நீயும் உன் நண்பனும் வருவீர்கள் என்றுகூட நான் சொன்னேன். அவர்களையும்தான் என்றார்.

இதை எனக்கு அவன் ஹிந்தியில் சொன்னான். கடைசியில், உங்க பாஷைக்காரர்தானே பாய் என்றான். நான் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாளில் என்னை புஜைராவுக்கு மாற்றினார்கள், கப்பலில் ஜல்லி ஏற்றுகிற கன்வேயருக்கு. அந்த வருடம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு ஷார்ஜா வந்தேன். சாப்பாட்டுக்காக வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் திரை கட்டி நீங்கள் படம் காட்டினீர்கள். வண்டி வராத மலைப் பாதையை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று பேசினீர்கள். அந்தப் பொய் எனக்கு இப்போது முக்கியம் இல்லை, கண்டுபிடித்த பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் கடைசி வரிசையில் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். கோபுரம் வந்தது. ஜாடி வந்தது. வாய்க்கால் வந்தது. அந்தச் செங்குத்துப் பாறை, வாய்க்கால் திரும்புகிற இடம், அங்கே நீங்களும் இன்னும் இரண்டு பேரும் நிற்கிறீர்கள். பிள்ளைகள் கீழேயே இருந்துவிட்டார்கள், நாங்கள் மூன்று பேர் மட்டும் மேலே போனோம் என்றீர்கள். அடுத்த படம்தான்.

நிகழ்ச்சி நடத்திய அம்மா வந்து உங்கள் காதில் ஏதோ சொன்னார். பிள்ளைகள் கோலாட்டத்துக்கு வேஷம் போட்டுக் காத்திருக்கிறார்கள். நீங்கள் சிரித்து, மீதியை அப்புறம் பார்ப்போம் என்றீர்கள். திரையைச் சுருட்டிவிட்டார்கள்.

நான் அங்கிருந்தே சத்தமாகக் கேட்டேன், சார் வாய்க்கால் எங்கேருந்து வருது என்று. முன்வரிசையில் திரும்பிப் பார்த்தார்கள். உட்காருங்கள் என்றார் ஒருவர். சாப்பாட்டு இடத்தில் உங்களைப் பிடித்தேன். அன்றைக்கு எங்களைக் கேட்டில் நிறுத்தச் சொன்னது யார் என்றும் கேட்டேன். "அது கம்பெனி டிசிஷன் தம்பி. இங்க வச்சு இதெல்லாம் வேண்டாம்," என்று தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் கேட்ட முதல் கேள்விக்காவது பதில் சொல்லியிருக்கலாம். அதில் யாருக்கும் நஷ்டமில்லையே.

பிறகு ஒருமுறை பழைய கேம்புக்குப் போனேன், பாஸ்போர்ட் விஷயமாக. கேட்டுக்கு வெளியே நின்றே மலையைப் பார்த்தேன். முகடு குட்டையாகியிருந்தது. டிரில்லிங் மெஷின் அந்தப் பக்கமே ஏறிவிட்டது. கோட்டை இருந்த இடத்தில் படிக்கட்டு மாதிரி வெட்டிய வெள்ளைச் சுவர். அதில் போன வாய்க்காலும் எங்கேயோ யாருடைய ரோட்டுக்கோ ஜல்லியாகப் போயிருக்கும். கப்பலில் ஏற்றியது என் பெல்ட்டாகக்கூட இருக்கலாம்.

ஆகவே இப்போது அங்கே போய்ப் பார்க்க வழியில்லை. பார்த்தவர்கள் மூன்று பேர். படம் இருப்பது உங்களிடம்.

மாப்ள இப்போது அறந்தாங்கியில் டிராக்டருக்குப் பஞ்சர் ஒட்டுகிறான். போன் பேசும்போதெல்லாம் கேட்பான், சார் சொன்னாரா என்று. வாட்ச்மேன் சொன்னதை நான் அவனிடம் இதுவரை சொல்லவில்லை. அவன் இன்னும் உங்களை, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான். கிணறுதான் மாப்ள, நீ பிரியாணிக்கு ரெடியா இரு என்பான். தொட்டிதான்ல, நீ ரெடியா இரு என்பேன் நான். போனை வைத்த பிறகு எனக்கு அந்தப் பாறைத் திருப்பம்தான் கண் முன்னால் நிற்கும். கிணறும் இல்லாமல் தொட்டியும் இல்லாமல் நாங்கள் நினைத்தே பார்க்காத வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். ஜாடி அப்படித்தானே இருந்தது.

உங்களிடம் தனியாகக் கேட்டுப் பார்த்தாயிற்று. இனிமேல் தனியாகப் பேசுவதில்லை. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், குடும்பங்கள் முன்னால், பேச்சிலர்களையும் உள்ளே விட்டு, மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். எங்கள் இரண்டு பேரையும் உள்ளே விடாதே என்று வாட்ச்மேனிடம் சொன்னீர்களா, இல்லையா? சொல்லிவிட்டு அந்தத் திரையைத் திரும்ப இறக்கி, நிறுத்தின இடத்திலிருந்து அடுத்த படத்தைப் போடுங்கள். அவனை நான் போனில் வைத்திருக்கிறேன். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?